கொடைக்கானலிலிருந்து ஒரே நாளில் ஐவர்மலைக் குகைக்கோயில்: போய்த் திரும்ப இயலுமா?

கோத்தகிரியாள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கோத்தகிரியில் வசிப்பவர்கள். தை மாதக் கடைசியில் நான்கு நாட்கள் கொடைக்கானலில் தங்குவதாக இருக்கிறோம். மலையிலேயே குடியிருப்பவர்களுக்கு இன்னொரு மலையின் ஏரியையும் தூண் பாறையையும் பார்ப்பதில் என்ன வியப்பு இருக்கப்போகிறது என்று என் கணவர் கேட்கிறார். அதனால் நான்கில் ஒரு நாளைக் கீழே இறங்கி ஒரு குகைக்கோயிலைப் பார்த்து வருவதற்கு ஒதுக்கலாம் என்று எண்ணுகிறோம். பழனிக்கு மேற்கே உள்ள ஐவர்மலையில் குகைக்குள் திரௌபதி அம்மன் இருக்கிறாள் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து என் தாயாருக்கு வேறு நினைவே இல்லை. அவர் செஞ்சிப் பக்கத்தில் பிறந்தவர். பதினெட்டு நாள் பாரதக் கூத்தும் தீமிதியும் பார்த்து வளர்ந்தவர். நீலகிரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு அந்த அம்மனை ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போது மட்டுமே கும்பிட்டு வருகிறார்.

எனக்கு மூன்று ஐயங்கள் உள்ளன. கொடைக்கானலிலிருந்து காலையில் புறப்பட்டு இருட்டுவதற்குள் திரும்ப இயலுமா? தாயாருக்கு வயது 67, முழங்கால் வலியும் உண்டு. அவரால் ஏற முடியுமா? இது குடைவரைக் கோயிலா, வெறும் குகையா? மூன்றாவது கேள்வி எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகனுடையது. பழைய எழுத்துகள் மீது அவனுக்குப் பைத்தியம். முடிந்தால் அன்றைக்கே பழனி மலைக்கும் போய்விட்டு வரலாமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

சண்முகநதிக்கரை எழுதியது:

அம்மா, ஒரே நாளில் போய் வர இயலும். ஆனால் நீங்கள் சொல்லும் தைக் கடைசி தைப்பூசத்தை ஒட்டி வருகிறதா என்று முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். பூசத்துக்கு முன்னும் பின்னும் பல நாட்களுக்குப் பழனியைச் சுற்றியுள்ள எல்லாச் சாலைகளும் பாதயாத்திரைக்காரர்களுக்கே உரியவை. காவடியோடு நடந்து வருகிறவர்களுக்கு நடுவே வண்டியை நகர்த்தும்போது, நாம் ஏன் நடக்காமல் வந்தோம் என்ற குற்ற உணர்வுதான் மிஞ்சும். மாசியில் ஒரு சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டால் வெயிலும் அவ்வளவாக ஏறியிருக்காது, சாலையும் காலியாக இருக்கும். ஐவர்மலைக்கே உரிய கூட்ட நாள் ஆடி அமாவாசை. அன்றைக்கு முன்னோர் கடன் செய்ய வருகிறவர்களால் மலையே நிறைந்துவிடும். அமைதியாகப் பார்க்க வேண்டும் என்பவர்கள் அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது.

கொடைக்கானலிலிருந்து பழனிக்கு மலைச்சாலை ஏறத்தாழ 65 கிலோமீட்டர். பழனியிலிருந்து மேற்கே கொழுமம் செல்லும் சாலையில் 15 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால், பாப்பம்பட்டிக்கு அருகே தனியாக நிற்கும் குன்றுதான் ஐவர்மலை. குதிரையாறு அணையும் அந்தப் பக்கம்தான். நேரம் மிஞ்சினால் பார்க்கலாம், மிஞ்சாது என்பது என் அனுபவம். பழனி நகரத்தை விட்டு வெளியே வந்ததும் இடப்பக்கம் முழுக்க நீங்கள் இறங்கி வந்த பழனி மலைத்தொடர் சுவர்போல் கூடவே வரும். மேலே இருக்கும்போது அந்த மலை எவ்வளவு உயரம் என்பது தெரியாது; கீழே வந்து நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

ஏறுவதைப் பற்றிக் கேட்டீர்கள். படிக்கட்டு உண்டு. குகைக்கோயில் உச்சியில் இல்லை, ஆகவே மலை முழுவதையும் ஏற வேண்டியதில்லை. நடுத்தர வயதினர் அரை மணி நேரத்துக்குள் போய்விடுவார்கள். என் பெரியம்மாவுக்கு 70 வயது, அவருக்கும் முழங்கால் தேய்மானம். இருபது படிக்கு ஒருமுறை உட்கார்ந்து முக்கால் மணி நேரத்தில் ஏறினார். ஏறுவதைவிட இறங்குவதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. கைத்தடி ஒன்று கட்டாயம் கொண்டு வாருங்கள். காலை பத்து மணிக்குள் ஏறிவிட்டால் படிகள் சூடேறியிருக்காது. குடிநீரைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். குரங்குகள் இருப்பதால் பையின் வாயைக் கட்டியே வைத்திருங்கள்.

பழனி மலையையும் அதே நாளில் சேர்க்காதீர்கள் என்பதே என் அறிவுரை. விஞ்சும் ரோப் காரும் இருப்பதால் தாயாருக்கு ஏறுவதில் துன்பமில்லை என்றாலும், வரிசையில் எவ்வளவு நேரம் நிற்க நேரும் என்று யாராலும் சொல்ல இயலாது. 2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலுக்குள் கைப்பேசியும் கொண்டு போகக் கூடாது, அதை ஒப்படைத்துத் திரும்ப வாங்கவும் நேரம் ஆகும். முருகனை நாளைக்கும் பார்க்கலாம், அவர் கோபித்துக்கொண்டு எங்கும் போய்விட மாட்டார். கோபித்துக்கொண்டு வந்து நின்ற இடமே அதுதானே!

வட்டெழுத்துப் பித்தன் எழுதியது:

உங்கள் மகனின் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். அவனைப் போன்ற பைத்தியம் எனக்கும் உண்டு.

ஐவர்மலை குடைவரை அன்று. பாறையை உளியால் குடைந்து கருவறையும் மண்டபமும் உண்டாக்கினால்தான் அது குடைவரை. பாண்டியர் காலத்துக் குடைவரை பார்க்க வேண்டுமென்றால் மதுரைக்குத்தான் போக வேண்டும்; ஆனைமலை நரசிங்கப்பெருமாள் குடைவரையில் 770ஆம் ஆண்டுக் கல்வெட்டும், திருப்பரங்குன்றத்தில் 773ஆம் ஆண்டுக் கல்வெட்டும் இருக்கின்றன. ஐவர்மலையில் இருப்பது இயற்கையே அமைத்த குகைத்தளம். சுமார் 160 அடி நீளத்துக்குப் பாறை முன்னோக்கி நீண்டு கூரையாக நிற்கிறது. அந்தக் கூரையின் கீழே பிற்காலத்தில் கோயில் அமைந்திருக்கிறது.

கோயிலுக்குள் நுழைவதற்கு முன் அந்தக் கூரையின் நெற்றியை நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் குனிந்து உள்ளே போய், குனிந்தபடியே திரும்பிவிடுகிறார்கள். பாறை நெற்றியில் வரிசையாக 16 சமணத் திருவுருவங்கள் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருந்தால் அவர் பார்சுவநாதர், சமணர் வணங்கும் சமய குருக்களான தீர்த்தங்கரர்களில் இருபத்து மூன்றாமவர். புத்தர் என்றும் முனிவர் என்றும் அங்கே வருகிறவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உருவங்களை ஒட்டி, தமிழின் பழைய வரிவடிவமான வட்டெழுத்தில் சிறிய கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் ஒன்றில் அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயர் வருகிறது. மதுரை ஆனைமலை, உத்தமபாளையம், குமரி மாவட்டத்துச் சிதறால் என்று பல மலைகளில் இதே பெயரைப் பார்க்கலாம். வாகனமில்லாத காலத்தில் அந்த மனிதர் எவ்வளவு நடந்திருப்பார் என்று ஒவ்வொரு முறையும் எண்ணிக்கொள்வேன்.

ஆனால் ஐவர்மலையின் உண்மையான புதையல் வேறொரு கல்வெட்டு. அதில் சக ஆண்டு 792 என்றும், பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு என்றும் இரண்டு கணக்குகளும் சேர்ந்தே எழுதப்பட்டுள்ளன. சக ஆண்டு 792 என்பது கி.பி. 870. எட்டாம் ஆண்டு 870 என்றால் இரண்டாம் வரகுணன் அரியணை ஏறியது 862 என்று கிடைத்துவிடுகிறது. பாண்டியர் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை ஆட்சியாண்டை மட்டுமே சொல்லி நிறுத்திக்கொள்கின்றன; எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்று தெரியாமல் ஆய்வாளர்கள் திணற வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட நிலையில், பழனிக்குப் பக்கத்தில் ஒரு குன்றில் இருக்கும் சில வரிகள் அரச வரிசைக்கே ஆணி அடித்துக் கொடுத்திருக்கின்றன.

கல்வெட்டின் செய்தி இன்னும் அழகானது. குணவீரக்குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக்குரவர், திருவயிரையில் இருந்த பார்சுவ படாரரையும் (பார்சுவநாதர்) இயக்கி அவ்வைகளையும் (சமணப் பெண் தெய்வங்கள்) 'புதுக்கி', அவர்களுக்குத் தடையில்லாத படையலுக்கும் ஓர் அடிகளின் (சமணத் துறவியின்) சோற்றுக்குமாக 505 காணம் பொன் வைத்தார் என்கிறது. 'புதுக்கி' என்ற ஒரு சொல்லைக் கவனியுங்கள். 870ஆம் ஆண்டிலேயே அந்த உருவங்கள் புதுப்பிக்க வேண்டிய அளவுக்குப் பழையவையாக இருந்திருக்கின்றன. மலையின் பெயரும் அங்கே 'அயிரை' என்றுதான் இருக்கிறது, 'ஐவர்' என்று இல்லை. சமணர் வாழ்ந்த குகைகளையும் அவர்களுடைய கற்படுக்கைகளையும் பஞ்சபாண்டவர் படுக்கை என்று அழைக்கும் வழக்கம் தமிழ்நாடு முழுவதும் உண்டு. அயிரை மலை ஐவர் மலையானதும், ஐவருக்குரிய திரௌபதி அங்கே குடிவந்ததும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நடைமுறைக்கு ஒன்று சொல்கிறேன். தேய்ந்த எழுத்துகளை நேர் வெளிச்சத்தில் படிக்க இயலாது. கைவிளக்கைப் பாறையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து வடிவம் எழும்பும். சுண்ணக்கட்டியால் தீட்டுவதும், எண்ணெய் அல்லது மாவு பூசிப் படம் எடுப்பதும் வேண்டவே வேண்டாம். தம்பியிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். ஆர்வமுள்ளவர்கள்தான் இந்தத் தவற்றை அதிகம் செய்கிறார்கள்.

பாரதம் கேட்டவன் எழுதியது:

வட்டெழுத்துப் பித்தன் ஐயாவின் செய்திகள் அருமை, மறுக்கவில்லை. ஆனால் பெயர் மருவியதால்தான் திரௌபதி வந்தாள் என்று எழுதியது, கும்பிடப் போகிற அந்தத் தாயாரிடம் 'நீங்கள் கும்பிடுவது எழுத்துப் பிழையை' என்று சொல்வதுபோல் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் சேர மன்னர்கள் அயிரை மலையின் கொற்றவையைப் பரவிய செய்தி வருகிறது. அந்த அயிரைதான் இந்த மலை என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டல்லவா? அப்படியானால் அங்கே முதலில் இருந்தவள் ஒரு பெண் தெய்வம். நடுவில் சமணர்களும் இயக்கியரை வைத்தே வழிபட்டிருக்கிறார்கள் என்பதை உங்கள் கல்வெட்டே சொல்கிறது. இப்போது இருப்பவளும் ஒரு பெண்தான். பெயர்தான் மாறிக்கொண்டிருக்கிறது, அந்த இடத்தில் ஒரு பெண் இருப்பது மாறவில்லை என்று ஏன் பார்க்கக் கூடாது?

வட்டெழுத்துப் பித்தன் எழுதியது:

ஐயா, அப்படிப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் சங்கப் பாடலின் அயிரைக்கும் 870ஆம் ஆண்டின் திருவயிரைக்கும் இடையே பல நூறு ஆண்டுகள் இருக்கின்றன. பெயர் ஒன்றாக இருப்பதைத் தவிர அவற்றை இணைக்கும் சான்று எதுவும் என் கையில் இல்லை. கொற்றவையும் இயக்கியும் திரௌபதியும் ஒரே தொடர்ச்சி என்பதைக் கல் சொல்லவில்லை, நாம் சொல்கிறோம். மற்றபடி அந்தத் தாயாரின் மனம் நோகும்படி எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் எப்படி வந்தால் என்ன, விளக்கு ஏற்றுகிறவர்கள் இருப்பதால்தான் பல மலைகள் கல்லுடைப்பிலிருந்து தப்பியிருக்கின்றன. மதுரைப் பக்கம் கும்பிட ஆளில்லாத குன்றுகள் ஜல்லியாகப் போனதை நான் கண்ணால் பார்த்தவன்.

பெருமாள்மலை ஓட்டுநர் எழுதியது:

பழைய கதை எனக்குத் தெரியாது. அந்தச் சாலை தெரியும். பத்தொன்பது ஆண்டுகளாக அதில் வண்டி ஓட்டுகிறேன்.

கொடைக்கானலிலிருந்து பெருமாள்மலை வரை வந்தால் சாலை இரண்டாகப் பிரியும். நேரே வத்தலக்குண்டுக்குப் போகும் சாலையில்தான் நெரிசல் எல்லாம். நீங்கள் பழனிச் சாலையில் திரும்ப வேண்டும். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் எட்டரைக்குள் பழனியில் இட்டிலி சாப்பிடலாம். கோத்தகிரிக்காரருக்கு மலை ஓட்டம் பழக்கமாகவே இருக்கும். இருந்தாலும் இந்தச் சாலையில் இறக்கம் நீளம், ஆகவே இரண்டாம் கியரிலேயே இறக்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்து, அடிவாரத்துக்கு வரும்போது கருகிய வாடையோடு ஓரத்தில் நிற்கும் வண்டிகளை வாரந்தோறும் பார்க்கிறேன். தாயாரை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். வெறும் வயிற்றோடு கூட்டி வராதீர்கள். இரண்டு பிஸ்கட்டாவது கொடுத்துவிடுங்கள். எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும்.

திரும்பும் நேரம்தான் முக்கியம். பழனியை விட்டுப் பிற்பகல் மூன்று மணிக்குள் மேலே ஏறத் தொடங்கிவிடுங்கள். வரதமாநதி அணையைத் தாண்டியதும் காடு தொடங்கிவிடும், யானை நடமாட்டம் உள்ள பகுதி அது. மேலே வர வர மூடுபனி இறங்கும், ஐந்து மணிக்கு மேல் சில நாட்களில் எதிரே இருப்பது லாரியா மாடா என்பதுகூடத் தெரியாது. 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். ஒரு நாள் இறங்கி ஏறுவதாக இருந்தாலும் அதைக் கையோடு வைத்திருங்கள். கீழே வேர்க்கும், மேலே நடுங்கும். கம்பளிச் சட்டையை விடுதியில் விட்டுவிட்டு இறங்குகிறவர்கள் திரும்பி வரும்போது என்னிடம்தான் போர்வை கேட்கிறார்கள்.

கோத்தகிரியாள் எழுதியது:

நாங்கள் மாசி இரண்டாம் சனிக்கிழமை போய் வந்தோம். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி சொல்லவே மீண்டும் எழுதுகிறேன்.

ஆறு மணிக்குப் புறப்பட நினைத்து ஆறே முக்காலுக்குத்தான் கிளம்ப முடிந்தது. பழனியில் சிற்றுண்டி முடித்து மலையடிவாரத்தை அடையும்போது மணி ஒன்பதரை ஆகிவிட்டது. தாயார் ஏறுவதற்கு ஐம்பது நிமிடங்கள் ஆயின. படியில் உட்காரும்போதெல்லாம் தம் ஊர்த் தீமிதியைப் பற்றி ஒரு கதை சொன்னார். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுகிறவருக்கு ஒருமுறை மேலே போனதும் தலைசுற்றிவிட்டதாம். கீழே நின்ற கூட்டம் அதையும் தவம் என்று நினைத்துக் கும்பிட்டதாம். நாற்பது ஆண்டுகளில் இந்தக் கதையை எங்களிடம் அவர் சொன்னதே இல்லை.

குகையின் கூரைக்குக் கீழே போனதும் வெயில் சட்டென்று நின்று உடம்பு குளிர்ந்தது. தாயார் நேரே அம்மனிடம் போய்விட்டார். என் மகன் பாறை நெற்றியைப் பார்த்தபடி எண்ணத் தொடங்கினான். முதல் முறை 14, இரண்டாம் முறை 15 என்றான். மூன்றாம் முறை ஓரத்தில் இருந்த ஒன்று அகப்பட்டு 16 ஆனது. கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடிக்கும் வித்தை உண்மையிலேயே வேலை செய்கிறது. ஒரு வரியில் 'ண' போன்ற ஒரு சுழியையும், அதற்கு அடுத்து இரண்டு எழுத்துகளையும் வரைந்துகொண்டு வந்திருக்கிறான். அது அச்சணந்தியா இல்லையா என்று வட்டெழுத்துப் பித்தன் ஐயாதான் சொல்ல வேண்டும். படத்தைத் தனியாக அனுப்புகிறேன். 505 காணம் கல்வெட்டு இருக்கும் இடத்தை அவனால் கண்டுபிடிக்க இயலவில்லை. அதற்காக அவன் முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது.

நீங்கள் இருவரும் செய்த வாதத்தைத் தாயாருக்குப் படித்துக் காட்டியிருந்தேன். கும்பிட்டுவிட்டு வந்தவர், பாம்பு குடை பிடித்த அந்த உருவம் எது என்று பேரனிடம் கேட்டு, கீழே நின்றபடியே அதற்கும் ஒரு கும்பிடு போட்டார். பிறகு, 'ஓர் அடிகளுக்குச் சோறு என்று எழுதியிருக்கிறதாமே, ஒருவருக்குத்தானா? மற்றவர்கள் எங்கே சாப்பிட்டார்கள்?' என்று கேட்டார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

இறங்கும்போது, சண்முகநதிக்கரை ஐயா சொன்னதுபோல், முழங்கால் மிகவும் படுத்தியது. பக்கவாட்டாக ஒவ்வொரு படியாக இறங்கினார். கைத்தடி இல்லாவிட்டால் கடினம். பழனியில் பகலுணவை முடித்துக்கொண்டு மூன்றே காலுக்கு ஏறத் தொடங்கினோம். பெருமாள்மலைக்கு வருவதற்குள் மூடுபனி வந்துவிட்டது. கம்பளிச் சட்டைகளை வண்டியிலேயே வைத்திருந்தோம். என் கணவருடையது மட்டும் விடுதியில் இருந்தது.

வட்டெழுத்துப் பித்தன் எழுதியது:

படம் கிடைத்தது. முதல் எழுத்து 'ண' தான், அதற்கு அடுத்தது 'ந' ஆக இருக்கலாம், மூன்றாவது தேய்ந்துவிட்டது. வரைந்த கை நல்ல கை, தம்பியிடம் சொல்லுங்கள். அச்சணந்தி என்று நானே முடிவு கட்டிவிடாமல், வட்டெழுத்து வரிவடிவ அட்டவணை ஒன்றை அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது எழுத்தை அவனே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

தாயாரின் கேள்விக்கு: கல்வெட்டில் உள்ளது சாந்திவீரர் வைத்த அறம் மட்டுமே. அவருடைய 505 காணத்தில் இரண்டு படையலுக்கும் ஒருவர் சோற்றுக்கும்தான் இடமிருந்திருக்கிறது. மற்ற அடிகள் இருந்திருந்தால் அவர்களுடைய சோற்றுக்கு வேறு யாரேனும் பொன் வைத்திருப்பார்கள், அல்லது கீழே ஊருக்குள் இறங்கிப் பிச்சை ஏற்றிருப்பார்கள். உங்கள் தாயார் ஐம்பது நிமிடம் ஏறிய அந்த மலையை அவர்கள் அதற்காக நாள்தோறும் இறங்கி ஏறியிருக்க வேண்டும்.